தொடக்க நிலை

மணலைக் கொட்டுவதற்கு முன்
மண் என்று ஒன்று இருந்தாக வேண்டும்.
கணினிக்கு அது தெரியாது.
திரையில் நான் வரைந்த இருபது மீட்டர் களிமண்
எடையில்லாமல், நீரில்லாமல்,
காயப்போட்ட மீன்வலை மாதிரி
முக்கோணம் முக்கோணமாகத் தொங்குகிறது.

ஊத்தான் மெலிந்தாங்கில் பாலத்துக்கு ஏறும் சாலை.
நான்கு மீட்டர் மணல்மேடு.
அலுவலகம் என்பது ஒரு கொள்கலப் பெட்டி,
ஏர்கோன் சொட்டும் இடத்தில் ஒரு மைலோ டப்பா.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
மேசை ஆடும், நானும் ஆடுவேன்.

முதல் கட்டம்: ஈர்ப்பை மட்டும் திறந்துவிட்டேன்.
களிமண் தன் எடையிலேயே
ஒன்றேகால் மீட்டர் இறங்கிவிட்டது.
சிரிப்பு வந்தது.
கடல் விலகிய நாளிலிருந்து இறங்கி இறங்கி
எப்போதோ ஓய்ந்த தரை.
என் பெட்டிக்குள் மட்டும் இன்றைக்குத்தான் பிறந்து
இன்றைக்கே அமிழ்கிறது.

நீர்மட்டம் மூன்றரை மீட்டர் ஆழம் என்றது துளை அறிக்கை.
நம்பி எழுதினேன். களிமண் பலசாலியானது.
மறுநாள் பியெசோமீட்டர் பார்த்துவிட்டு வந்த சற்குணன்
சப்பாத்துச் சேற்றைப் படியில் தேய்த்தபடி சொன்னான்:
"நாப்பது சென்டி அக்கா, மூன்றரை எல்லாம் இல்ல.
துளை போட்ட அன்னிக்கே அளந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.
இந்த மண்ணுல தண்ணி ஏறி வர ரெண்டு வாரம் ஆகும்."

ஏற்றினேன்.
முப்பது கிலோபாஸ்கல்
துகள்களின் பிடியிலிருந்து கழிந்தது.
மேலிருக்கும் சுமை அதேதான்.
அதை யார் எவ்வளவு தாங்குகிறார்கள் என்பதுதான் மாறியது.

நான்காம் துளை மட்டும் ஒத்துவரவில்லை.
அதன் களி பக்கத்துக் களியைவிட இறுகியது;
எப்போதோ கூடுதலாகச் சுமந்திருக்கிறது,
இறக்கி வைத்த பிறகும் இளகவில்லை.
"புவாங் சஜா" என்றார் குத்தகைக்காரர் லோ,
தூக்கிப் போடும் சைகையோடு.

சற்குணன் நில அலுவலகத்திலிருந்து
பழைய வரைபடத்தின் நகலோடு வந்தான்.
நான்காம் துளைமேல் ஒரு செவ்வகம், பெயர் இல்லை,
புகைபோக்கிக்கு மட்டும் ஒரு சிறு வட்டம்.
தோட்டத்து ரப்பர் ஷீட்டு காய்ந்த புகைவீடு.
இடித்து முப்பத்தோரு வருடம்.
மேலே இப்போது கோரையும் உடைந்த கார் இருக்கையும்.
களிமண் மட்டும் அந்த எடைக்கு இன்னும்
தோளைத் தயாராக வைத்திருக்கிறது.
அதற்குத் தனி நிறம், தனித் தொடக்க அழுத்தம் கொடுத்தேன்.

பிறகு அந்தச் சின்னக் கட்டம்.
அழுத்தங்கள் இருக்கட்டும், நீர் இருக்கட்டும்,
இறங்கிய ஒன்றேகால் மீட்டரை மட்டும் மற,
இன்றிலிருந்து எண்ணு என்று சொல்வது.
என்ன போட்டிருக்கு என்று கேட்டான் சற்குணன், தோளுக்குப் பின்னால் நின்று.
"இடப்பெயர்ச்சியைப் பூச்சியமாக்கு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மேனேஜர் கடிதத்துலயும் இப்படித்தான் அக்கா.
அடுக்குமாடிக்கு மாறின தேதியிலேர்ந்துதான் கணக்கு.
அப்பா இருபத்தாறு வருஷம் மரம் வெட்டினது
அதுல வராது."

என்னிடம் பதில் இல்லை.
குறியை இட்டேன்.
இடாவிட்டால் பாலத்தின் கணக்கு தப்பும்.

ஏழாம் சுற்றில் சமநிலை.
வலை முழுதும் அசைவு: பூச்சியம்.
நிறத்தை மாற்றி அழுத்தத்தைக் கேட்டேன்.
மேலே வெளிறி, கீழே போகப் போகக் கறுத்து,
நான்காம் துளையருகே கன்றிய ஒரு திட்டு.
ஒன்றுமே நடக்காத நிலை
பார்க்க இப்படித்தான் இருக்கிறது.

வெளியே முதல் லாரி மணல். லோ ஹாரன் அடிக்கச் சொல்கிறார்.
அரை மீட்டர்தான் என்று கையால் காட்டுகிறேன்,
பிறகு மூன்று வாரம், தண்ணீர் போகட்டும்.
அவர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார்.
சற்குணன் நான்காம் துளைப்பக்கம் நடந்து போய்
குழாய் மூடியைத் திருகி
அளவுநாடாவை உள்ளே விடுகிறான்.
நீரைத் தொட்டதும் அது கத்தும்.
ஹாரனையும் மீறிக் கேட்க வேண்டுமென்று
காதைக் குழாய்க்கருகே குனிந்து வைக்கிறான்.