அளவு நாடா

சாவா ஆற்றங்கரைச் சந்தில் என் கடை.
பனித்தாவல் பையன்களுக்கு உடை தைக்கிறேன்.
உடம்புக்கும் துணிக்கும் நடுவே
எவ்வளவு காற்று இருக்கலாம் என்று
ஸ்லோவேனியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யெர்னெய் நவம்பரில் வந்தான்.
கணப்பு எரியும் அறையில்
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு கம்பளிச் சட்டை.
கையைத் தூக்கச் சொன்னேன்.
முன்கை முழுக்கப் பூனைமயிர்,
பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல.
குளிர் தாங்காமல் உடம்பு
தனக்குத்தானே நெய்துகொண்ட துணி அது.
துணி எனக்குத் தெரியும்.

நாடாவைச் சுற்றினேன்.
எண்ணை இங்கே எழுத மாட்டேன்.
எழுதினால் எவனாவது
அதைத் தாண்டவேண்டிய கோடாக எடுத்துக்கொள்வான்.

"இன்னும் பிடித்துத் தையுங்கள்" என்றான்.
"இறகு மாதிரி ஆகிவிட்டான் பாருங்கள்"
என்று பூரித்தார் பயிற்சியாளர் கோராஸ்த்.
நோய்க்குக் கைதட்டும் ஊரில்
அதன் பெயரை யார் சொல்வது?

மேசையில் அக்ரூட் வைத்துச் சுருட்டிய ரொட்டி.
அதற்கு மாவு எவ்வளவு, தேன் எவ்வளவு,
எல்லாம் மனப்பாடமாய்ச் சொன்னான்.
ஞாயிறுதோறும் அவனே சுட்டுத்
தங்கையைத் தின்னவைப்பானாம்.
நீ?
"இப்போதுதான் சாப்பிட்டேன்."

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.
கடை பூட்டிய பின்
அந்த ரொட்டி முழுவதையும்
பசியில்லாமல், ருசியில்லாமல், நின்றபடியே
வேறு யாரோ என் கையால் தின்பதுபோல்
தின்று முடிப்பேன்.
காகிதத்தைக் கசக்கி
அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவருவேன்.
அவனுடையதற்குக் கட்டுப்பாடு என்று பேர்.
நான் நாக்கை அடக்கத் தெரியாதவள்.
இரண்டுக்கும் மருத்துவர் உண்டென்று
யாருக்கும் தோன்றவில்லை.

குண்டூசிகளை டப்பாவில் போட்டு மூடினேன்.
"தைக்க மாட்டேன்."
அன்று மாலையே மருத்துவர் நேஷாவுக்கு ஃபோன் செய்தேன்.
அந்தக் குளிர்காலம் அவன் மேடேறவில்லை.
கோராஸ்த் வேறு கடைக்குப் போனார்.
ஒரு பிள்ளையின் சிறகை நறுக்கியவள் என்று
ரொட்டிக்கடை வரிசையில் முதுகுக்குப் பின்னால் பேச்சு.
அவனும் அப்படித்தான் நினைத்தான்,
ஒரு வருஷத்துக்கு மேல்.

மார்ச்சில் வந்தான், இடுப்பு பிடிக்கும் காற்சட்டையோடு.
கொஞ்சம் தளர்த்தித் தரவேண்டுமாம்.
அதைச் சொல்ல அவனுக்கு
மேட்டிலிருந்து குதிப்பதைவிட நேரமானது.
"தட்டு வைத்தால் இன்னும் பயம்தான்" என்றான்.
"சில நாள் பயத்தோடேயே சாப்பிடுகிறேன்."

பிரித்துக்கொண்டிருந்தேன்.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"உங்கள் மெஷினுக்கடியில்
எப்போதும் ரொட்டித் துணுக்கு கிடக்கும்.
அப்போதே பார்த்தேன்.
சொல்லியிருக்கணுமோ?"

மிதித்த கால் நின்றது.
முப்பது வருஷமாய் இந்த நாடா
என் கழுத்தில்தான் தொங்குகிறது.

போகும்போது
சாக்கட்டியால் ஒரு துண்டுத் துணியில்
நேஷாவின் எண்ணை எழுதிவைத்தான்.
என்னிடம் இருக்கும் எண்தான்.
தட்டினால் உதிர்ந்துவிடும்.

இதுவரை தட்டவில்லை.