சூடு

கயிற்றை இழுக்கும்போது
வலது தோளில், சட்டைத் தையலுக்கு நேர் கீழே
ஓர் ஆணி இறங்கும்.
மே மாதம் சிலேத்தாரில் கிளை சறுக்கியபோது
உள்ளே போனது.
இன்னும் வெளியே வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.
எம்.சி. ஒருநாள் எடுக்கலாம், இரண்டு நாள் எடுக்கலாம்.
மூன்றாம் நாள் மிஸ்டர் சியாவின் குரல் மரியாதையாகிவிடும்.
பெர்மிட் புதுப்பிக்கிற மாதம் வேறு.
அதனால் பழியை ரம்பத்தின் மேல் போட்டேன்.
"மக்கர் பண்ணுது பாஸ், ரொம்பப் பழசு."

பழசுதான்.
ஆனாலும் பொய்.

சனிக்கிழமை வேலை முடிந்து
ஸ்டோரில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்தேன்.
பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன்.
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
ஒரு தூங்குமூஞ்சி மரம் முழுசாய் உதிர்கிறது.
மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த பெட்ரோலை ஊற்றிவிட்டு
புதிதாய்க் கலந்தேன், ஐம்பதுக்கு ஒன்று,
இருமல் மருந்து அளப்பதுபோல.
நைந்த கயிற்றுக்குப் பதில் ஜாலான் புசாரில் வாங்கின கயிறு,
நான்கு விரலும் அடங்குகிற கைப்பிடி.

அப்புறம்தான் அந்தப் பொத்தான்.
சிலிண்டர் ஓரத்தில் நீலமாய் ஒன்று
எண்ணெய்ப் பிசுக்குக்குள் புதைந்து கிடந்தது.
மூன்று வருடமாக யாரும் அழுத்தியதில்லை.
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.
அழுத்திவிட்டு இழுத்தால்
உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும் காற்றுக்குக்
கடுகளவு வழி.
எஞ்சின் பிடித்ததும் தானே மூடிக்கொள்ளும்.
எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!
டக் டக்கென்று சும்மாவே பலமுறை அழுத்திப் பார்த்தேன்.

திங்கட்கிழமை.
தரையில் வைத்து, பிரேக்கைத் தள்ளி,
பின்பிடியில் பூட்ஸ் முனையை நுழைத்து,
கயிறு இறுகும் இடம்வரை மெல்ல இழுத்து
அங்கிருந்து ஒரு வெட்டு.
பிடித்துக்கொண்டது.
செவ்வாய், புதன், வியாழன், ஒரே இழுப்பு.
ரிப்பேர் பண்ணிட்டியா என்றார் சியா.
என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளி விடியலுக்கு முன் சுமத்ரா காற்று அடித்தது.
நாலரைக்கு எழுப்பி லாரியில் ஏற்றினார்கள்.
புக்கிட் பாத்தோக், ஒரு புளோக்கின் கார்நிறுத்தம்.
அங்சானா வேரோடு சாய்ந்து
டாக்சி ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தது.
டாக்சிக்காரர் பைஜாமாவோடு குடைக்குள்.
நான்காம் மாடி, ஆறாம் மாடி,
தாழ்வாரமெல்லாம் முகம்.

பொத்தானை அழுத்தினேன், இழுத்தேன்.
ஒன்று.
சோக்கை மாற்றி, இரண்டு.
மூன்றில் இருமிவிட்டு அடங்கியது.
நான்கில் ஆணி எலும்பைத் தொட்டது,
கண்ணுக்குள் மஞ்சள் பூ,
தரையிலும் மஞ்சள் பூ.
முன்பெல்லாம் எட்டு இழுப்பு வாங்கும்.
செய்த வேலை வீண் இல்லை.
ஆனால் ஐந்தாவதற்கு என்னிடம் தோள் இல்லை.

தெலோவர் வந்தான்.
ஒன்றும் சொல்லாமல் ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்தான்.
குனிந்து, ஒரே வீச்சு.
அரை நிமிடம் ஓடவிட்டான், கதறக் கதற.
அணைத்தான்.
என் காலடியில் வைத்து
கைப்பிடியை என் பக்கம் திருப்பினான்.
பழகின கை.
தினமும் செய்கிற கை.

அப்போதுதான் உறைத்தது:
நான்கு காலையும் நான் கோப்பி வாங்கி வருவதற்குள்
ரம்பம் சூடாக இருந்திருக்கிறது.
சூடான ரம்பத்துக்கு சோக் வேண்டாம், பலம் வேண்டாம்,
குழந்தை இழுத்தாலும் எழும்.
அதன்மேல் என் கையுறைகள்
ஒவ்வொரு நாளும் ஒழுங்காய்க் கிடந்தன.
நானா அப்படி வைக்கிறவன்?

இழுத்தேன். எழுந்தது.
டாக்சிக்காரர் கைதட்டினார், குடை சாய்ந்தது.

பத்து மணிக்கு, மரம் துண்டுகளானபின்,
லாரியின் நிழலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
அவனுக்குத் தமிழில் இருபது வார்த்தை தெரியும்.
மெதுவா, தள்ளு, சாப்டியா, போதும்.
"தோள்?" என்றான்.
யாரிடம் கேட்டு வைத்திருந்தானோ.

சியா தொலைவில் போனில் கத்திக்கொண்டிருந்தார்.
"வலி" என்றேன்.
அந்த வார்த்தை
அவனிடம் ஏற்கெனவே இருந்தது.