வரிசையில் நான்காவது வண்டி

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
பிரசவ வலி நீடித்த நேரம்.
செவிலி என்னைக் கேட்காமலே எழுதினாள்,
பதினொரு நிமிடம்.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை என்ன?
புதன் என்ன?
வியாழன் மாலைவரை
சமையலறை மேசையின் விளிம்பைப்
பிடித்துக்கொண்டு நின்றேனே,
அதற்கு என்ன பெயர்?

சூரியன் தலைகாட்டாத மாதம்.
எங்கள் ஊரில் டிசம்பருக்குப் பகல் கிடையாது,
மதியத்தில் கொஞ்சம் நீலம், அவ்வளவுதான்.
மூன்று நாள் என்று நான் சொல்வதே
அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தை நம்பித்தான்.

முட்டை வேகவைக்கும் மணியைத் திருகித் திருகி
ஒரு வலிக்கும் மறு வலிக்கும் நடுவே எண்ணினேன்.
பன்னிரண்டு நிமிடம். ஒன்பது. ஏழு.
ஸ்டெய்னார் காலணியை மாட்டினான்.
பிறகு இருபது. பிறகு நாற்பது.
பிறகு ஒன்றுமில்லை,
காட் மீன் வெந்த வாசனை மட்டும்.
கழற்றினான்.

"இரண்டு விரல்தான்" என்றாள் மருத்துவச்சி இங்கெபோர்.
மறுநாளும் அதே இரண்டு விரல்.
"வீட்டுக்குப் போய்த் தூங்கு, குன்வோர்."
எப்படித் தூங்குவது?
கதவைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளைகள்போல
வந்து வந்து போனது.
திறந்தால் வாசலில் ஆளில்லை.

மாமியார் தொலைபேசியில், "இன்னுமா?"
மீன் தொழிற்சாலையிலிருந்து சிசெல், "இன்னுமா?"
எனக்கே வெட்கமாயிருந்தது,
ஊரையே விருந்துக்கு அழைத்துவிட்டு
உலை வைக்காதவள்போல.

வலி சுத்தமாக நின்றிருந்தபோதுதான் கிளம்பினோம்.
அங்கேயே போய்க் காத்திருக்கலாம் என்று.

மலைச்சாலைத் தடுப்பில் ஒன்பது வண்டிகள்.
புயல் இரவில் யாரையும் தனியே விடமாட்டார்கள்.
பனி ஒதுக்கும் வண்டி முன்னே போகும்,
அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு மற்றவை.
முந்தக் கூடாது. திரும்பக் கூடாது. இறங்கக் கூடாது.
முப்பது கிலோமீட்டர் வேகம்.
நாங்கள் நான்காவது, மீன் லாரிக்குப் பின்னால்.

மூன்று நாள் காத்தவளுக்கு
முப்பதே பெரிய வேகம் என்று சிரித்தேன்.
சிரிப்பை முடிக்கவில்லை.

பனிக்குடம் உடைந்தது.
கண்ணாடிக்கு வெளியேயும் பனி.

இடைவெளி இல்லை. எண்ண மணி இல்லை.
வலி என்று சொல்ல வாய் திறப்பதற்குள்
அது அடுத்த வலி.
ஸ்டெய்னார் ஹார்ன்மேல் சாய்ந்தான்,
காற்று அதைத் தின்றது.
"நிறுத்து."
"நிறுத்தக் கூடாதே."
"தலை."
நிறுத்தினான்.

மீன் லாரிக்காரன் விடாஸ், லித்துவேனியாக்காரன்,
கண்ணாடியில் எங்கள் விளக்கு சிறுத்துப்போவதைப் பார்த்து
ரேடியோவில் கத்தியிருக்கிறான்.
தன் உறக்கப்பையைத் தூக்கிக்கொண்டு
இடுப்பளவு பனியில் அவன் நடந்து வருமுன்பே
அவள் என் கால்சட்டையின் இடது காலுக்குள்
அழுதுகொண்டிருந்தாள்.

குழந்தை வந்துவிட்டாள்.
நான் வந்து சேரவில்லை.
நான் மலைக்கு அந்தப்பக்கம்
மேசை விளிம்பைப் பிடித்தபடி
மணியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
பல் தந்தியடித்தது. குளிரால் அல்ல.

"கொடுத்துவைத்தவள், பட்டென்று முடிந்தது"
என்கிறார்கள் இப்போது.
கதவைச் சாத்தினாலும்
பட்டென்றுதான் முடிகிறது.

கொடியை யாரும் அறுக்கவில்லை.
கத்தி இருந்தது, மீன் கத்தி.
விடாஸே வேண்டாம் என்று கையசைத்தான்.
டீசலும் உப்பும் மணக்கும் பைக்குள் எங்கள் இருவரையும்
கழுத்துவரை ஜிப் இழுத்து மூடிவிட்டு
தன் லாரிக்குத் திரும்பினான்.

முன்னால் மஞ்சள் விளக்கு சுழன்றது.
வரிசை மறுபடி நகர்ந்தது.
பிள்ளை பிறந்ததற்காக மலை வழிவிடவில்லை,
அதே முப்பதுதான்,
இன்னும் ஒரு மணி நேரம்.

அவள் காதில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.
விரலால் தொட்டுத் துடைத்தேன்.
எந்த வளைவு என்று தெரியாது,
அங்கே எங்கோதான்
நான் வந்து சேர்ந்தேன்.