மூன்று வயிறு

குவோப்பியோவுக்குத் தெற்கே, ஜனவரி.
மூன்று மணிக்கே ஏரி இருட்டிவிட்டது.
ஒரே பெயரைப் பதினோரு எழுத்துருவில்
சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்:
பலோ.
எங்கள் பேச்சில் நெருப்பு.
விறகடுப்பு செய்து விற்கப்போகும் இரண்டு பேருக்கு
இன்று மாலைக்குள் ஒரு முகம் வேண்டும்.

லத்தீனில் நான்கே எழுத்து.
முதலாவது ஒற்றைக் காலில் நின்று தொந்தியை முன்தள்ளும்.
இரண்டாவது குனிந்து தன் வயிற்றையே பார்க்கும்.
மூன்றாவது வெறும் கோல்.
நான்காவதுக்கு வயிற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது.

ராக்கெலுக்குத் தடித்த எழுத்துதான் பிடிக்கிறது.
"கஞ்சி மாதிரி இருக்கணும்" என்கிறாள்,
"பார்த்ததும் பசியாறணும்."
ஓஸ்மோவின் விரல் போய் நிற்பது
தலைமுடி அளவு மெலிந்த ஒன்றில்.
"அது ஓட்டல் குளியலறை சோப்பு."
"உன்னுடையது பிள்ளைகளின் பால் டப்பா."
பிறகு இருவரும் பேசவில்லை.
இந்த நாட்டில் அது சண்டையாகவும் இருக்கலாம்,
சம்மதமாகவும் இருக்கலாம்.
காபி வடிகிற சத்தம் மட்டும்.

நான் ஏழாவதைச் சொன்னேன்.
பனியில் ஊன்றிய காலணிபோல் அடி விரிந்தது,
கம்பீரமானது, குளிருக்கு ஏற்றது என்றெல்லாம்.
உண்மைக் காரணம் வேறு:
அதற்கு உரிமப் பணம் கட்டி இரண்டு வருஷம்,
இதுவரை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.
ஆனால் பெயர் காகிதத்துக்கு இல்லை.
அடுப்பின் இரும்புக் கதவைத் துளைத்து,
பின்னால் கண்ணாடி வைத்து,
உள்ளே எரிவதை வெளியே வாசிக்க வேண்டும்.
அதுதான் யோசனை. அதற்குத்தான்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த
பதினான்காயிரம் யூரோ.

பட்டறையில் தைஸ்தோ இயந்திரத்தை ஓட்டினான்.
முதல் எழுத்துக்கு இரண்டு டங்:
வயிறு ஒன்று, அதன் பின்னே உடல்.
இரண்டாவதுக்கும் இரண்டு.
கோலுக்கு ஒன்றுதான்.
கடைசிக்கு இரண்டு.
கதவைத் தூக்கிக் காட்டினான்.
ஒரு கரண்டி, ஒரு மூட்டை,
ஒரு கோல், ஒரு உருளைக்கிழங்கு.
ராக்கெல் சிரித்தாள்,
கதவின் விலை ஞாபகம் வந்து நிறுத்தினாள்.

திரையில் எத்தனை இரவு
அந்த வெள்ளைத் துளிகளைச் செதுக்கியிருப்பேன்!
அவை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று
ஒருமுறையும் கேட்டதில்லை.

"வயிற்றைக் கட்டணும்" என்றான் தைஸ்தோ,
புதுக் கதவின்மேல் சுண்ணக்கட்டியால் கோடிழுத்தபடி.
ஒவ்வொரு வயிற்றுக்கும் இரண்டு பாலம்.
"நாலு மில்லிமீட்டருக்குக் குறைஞ்சா
ரெண்டு குளிர்காலத்தில் நெருப்பு தின்னுடும்."
"நாலே போதும்" என்றான் ஓஸ்மோ.
"ஆறு" என்றாள் ராக்கெல்.
ஐந்துக்கு வந்துசேர அரை மணி நேரம் ஆயிற்று.

என் ஏழாவது போயிற்று.
வந்தது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று.
அவள் கேட்ட தடிப்பு, அவன் கேட்ட உயரம்,
சுண்ணக்கட்டி பிடித்த கையின் லேசான சாய்வு.
சாய்வை நேராக்கட்டுமா என்றேன்.
"வேண்டாம்", இரண்டு குரலும் சேர்ந்து.
அன்று அவர்கள் தானாக ஒத்துப்போனது
அந்த ஒன்றில்தான்.

கதவைப் பொருத்தி முடிக்க ராத்திரி ஒன்பது.
பிர்ச் விறகு பிடித்துக்கொண்டதும்
விளக்கை அணைத்தோம்.
பெயர் விட்டுவிட்டு எரிந்தது:
சில கணம் கோல் மட்டும்,
சில கணம் கடைசி வளையம் மட்டும்.
அந்தப் பக்கமிருந்து நெருப்பு
அதைத் தலைமாற்றி வாசித்துக்கொண்டிருக்கும்.

கீழே விழுந்த மூன்று வயிற்றையும்
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.
கார்ச் சாவியை உருவியபோது
ஒன்று பனிக்குள் போய்விட்டது.
குனிந்து துழாவினேன்.
கையுறை நனைந்ததுதான் மிச்சம்.
தடவிப் பார்த்தேன்: தொலைந்தது
இரண்டாம் எழுத்தினுடையது.

ஏப்ரலில் கிடைக்கும்.
கிடைக்காவிட்டால் ரசீதில் சேர்த்துவிடுவேன்.