கால் சுற்று

மூன்று மணித்தியாலம்
ஊசியரத்தால் ராவினால்
பித்தளைக் கழுத்தில் ஒரு நீள்துளை வரும்.
கத்தியின் வாலை அதில் செருகி
விளக்குக்கு நேரே பிடிப்பேன்.
ஒரு பக்கம் மயிரளவு வெளிச்சம்.
வெளிச்சம் புகுந்த இடத்தில் தண்ணீரும் புகும்.
அதுவும் மீன் தண்ணீர்.
ஆறு மாதத்தில் உள்ளே துரு.

எனக்குத் தெரியாதா,
ஏஜாக்ஸ் சூப்பர்மார்க்கெட்டில்
ஒன்பது வருடமாக மீன் வெட்டுகிறேன்.
என் கத்திகளை வாங்குகிறவர்களும்
பக்கத்துப் பலகையில் நின்று வெட்டுகிறவர்கள்தான்.
பிழை என்றால்
முகத்துக்கு நேரே கொண்டு வந்து வைப்பார்கள்,
செதிளோடு.

"மில்லிங் மெஷினா? எவ்வளவு பெரிசு?" என்றார் பகீரதன்.
"தையல் மெஷினை விடக் கொஞ்சம் பெரிசு" என்றேன்.
நூற்று அறுபது கிலோ.

சார்னியாவுக்கு மூன்றரை மணித்தியாலம்.
மெஷின் நின்ற இடத்தில்
மகளின் மின்சாரக் கார் நிற்கப் போகிறதாம்,
அதனால்தான் விற்கிறானாம் லாயிட்.
குதிரைவலு, வேகம், சீன மோட்டார்,
எல்லாவற்றையும் பகீரதனுக்கே விளக்கினான்.
கணக்காளரான அவரும்
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
நான் மேசையை இரு கையாலும் பிடித்து ஆட்டினேன்.
அசையவில்லை.
"பேரிங் எப்போது மாற்றினாய்?" என்று கேட்டேன்.
அதற்குப் பிறகு லாயிட்
என்னோடு கதைத்தான்.

ஆயிரத்து அறுநூறு சொன்னான்.
வைஸையும் சேர்த்து ஆயிரத்து நானூறுக்குக் கேட்டேன்.
மீனுக்குப் பேரம் பேசுகிறவர்களை
ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன்.
தந்தான்.

எங்கள் ஒன்ராறியோ லண்டனைத் தாண்டும்போது பனி கொட்டியது.
வளைவு வரும்போதெல்லாம்
வானின் பின்பக்கம் ஒரு யோசனை யோசித்துத்தான்
எங்களோடு வந்தது.

நிலவறைக்குப் பதின்மூன்று படி.
தலை வேறு, தூண் வேறு, மேசை வேறாகக் கழற்றி
பலகையில் சறுக்கி இறக்கினோம்.
கீழே பக்கத்து வீட்டு ரெனால்டோ,
மேலே கயிற்றோடு நான், நடுவில் பகீரதன்.
பதினோராம் படியில்
தையல் மெஷினைப் பற்றி அவர் ஒன்று சொன்னார்.
அதை எழுத முடியாது.
ரெனால்டோவுக்குத் தமிழ் தெரியாது,
ஆனாலும் சிரித்தான்.

பூட்டி, எண்ணெய் விட்டு, தலையை நேராக்க
நான்கு இரவு.
இம்மி பிசகாமல் என்று சொல்லிப் பழகிய வாய் இது.
இம்மி எவ்வளவு என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
கைப்பிடி வட்டில் கோடு கோடாக எழுதியிருந்தது,
ஒவ்வொரு கோடும்
அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் ஒன்று.

முதல் துளையை வெட்டினேன்.
மூன்று மணித்தியாலம் இல்லை, பத்து நிமிடம்.
வாலைச் செருகினேன்.
கழுத்து
பெரியம்மா வீட்டு வளையல் போல ஆடியது.

முன்னே போன கைப்பிடியைப்
பின்னே திருப்பினால்
கால் சுற்றுக்கு மேசை அசையவே இல்லை.
எண் மட்டும் ஓடியது.
நான் எண்ணை நம்பியிருந்தேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது
மேசைக்குக் கீழே அந்தச் சின்னப் பூட்டு.
சார்னியாவில் நான் ஆட்டியபோது
அது இறுகியிருந்திருக்க வேண்டும்.
லாயிட் மறந்தானோ, மறக்கவில்லையோ.
போன் எடுக்கவில்லை.
இரு கையாலும் ஆட்டிக் காட்டிய
என் கெட்டித்தனத்தை நினைத்து
இரண்டு நாள் கீழே போகவும் இல்லை.

இப்போது ஒரே பக்கத்திலிருந்துதான் வருவேன்.
கோட்டைத் தாண்டினால்
முழுச் சுற்றுப் பின்னே போய்
மறுபடி வருவேன்.
பித்தளையில் இரண்டு துண்டு பாழ்.
மூன்றாவதை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வெளிச்சம் இல்லை.
திருப்பிப் பிடித்தேன்.
இல்லை.

மேலே சாப்பாட்டு மேசையில்
பகீரதன் காலுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு
குதிகாலில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
என் செருப்போடு படியேறி வந்த பித்தளைத் துருவல்.
புருவம் பிடுங்கும் சாமணத்தால் எடுத்துக் கொடுத்தேன்.
விளக்குக்கு நேரே பிடித்து
நெடுநேரம் பார்த்தார்,
சுருண்டு, பொன் போல.

"இதுக்கா ஆயிரத்து நானூறு?"

"வைஸும் சேர்த்து" என்றேன்.