மஞ்சள் தவிர

"எந்த நிறமானாலும் சரி,
மஞ்சள் மட்டும் வேண்டாம்" என்றாள்,
கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்குள்.
மார்லிஸ் ஹாகன். ஐம்பத்தாறு வயது.
டுலூத் நகரில் இருபத்திரண்டு வருஷமாகப்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

ஏப்ரல். எங்கள் ஷோரூம் ஓரத்தில்
கரி பூசிய பனிக்குவியல்
போக மனமில்லாமல் கிடந்தது.
இரண்டு கதவுக் கூபே. இரண்டு எஞ்சின்.
"பின்னால் உட்கார இடம் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.
எல்லோரிடமும் நான் இழுக்கிற இடம் அது.
"யாராவது உட்கார முடியுமா?"
"ஒரு மளிகைப் பை உட்காரும்."
"நல்லது" என்றாள். சிரிக்கவில்லை.

முதலில் ஆறு சிலிண்டர்.
எனக்கு அதில்தான் கமிஷன், சொல்லிவிடுகிறேன்.
ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் தெருவில்
அவள் மிதித்தாளா இல்லையா தெரியவில்லை,
மேடு முடிந்துவிட்டது.
உச்சியில் சிவப்பு விளக்கு
எங்களுக்காகவே எரிந்தாற்போல் எரிந்தது.
"நான் ஒன்றுமே செய்யவில்லையே" என்றாள்,
கை நனைக்கும் முன்பே
இலையை எடுத்துவிட்ட பந்தியில் இருப்பவள் போல.

அடுத்து தண்டவாளம். தாது ரயில் போகும் பாதை.
கேட் தூக்கியிருக்கிறது, விளக்கு எரியவில்லை.
நிறுத்திவிட்டாள்.
கண்ணாடியை இறக்கி, கழுத்தை நீட்டி,
இடம், வலம்.
பின்னால் ஒரு பிக்கப் ஹாரனிலேயே திட்டியது.
"நின்று, கதவைத் திறந்து, காது கொடுக்கணும். சட்டம்.
இந்த வண்டிக்கு இல்லை, தெரியும்" என்றாள்
காது சிவக்க.
காதில் விழுந்ததென்னவோ எஞ்சின்தான்.
வயிறு நிறைந்த ஏதோ ஒன்று
வாய் திறக்காமல் உறுமுவது.

பிறகு நான்கு சிலிண்டர், கை கியர்.
அதே தெரு, அதே மேடு.
பாதியில் மூச்சு வாங்கியது.
"ம், வா" என்று இரண்டாவதற்கு இறக்கினாள்.
டர்போ ஒரு நொடி யோசித்தது.
அப்புறம் வந்தது, திட்டு வாங்கிய பையன்
வேகமாகப் படியேறுவது மாதிரி.
தோள்பட்டை வரை வேலை செய்துகொண்டிருந்தாள்.
நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன்.

இரண்டுக்குமான விலை வித்தியாசத்தை
மாதத் தவணையாக்கிச் சொன்னேன்.
அவள் அதை வேறு காசாக மாற்றினாள்:
"ஹாக்கிப் பையன்களை
வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும்
நாற்பத்தொரு வெள்ளிக்கிழமை."

மறுபடியும் தண்டவாளம், மறுபடியும் நின்றாள்.
இந்த முறை பின்னால் யாருமில்லை.
எஞ்சின் தாழ்ந்த குரலில் ஏதோ முனகியது.
ஒரு கடற்புறா. துறைமுகத்தில்
பனிப்பாளம் விரிசல் விடும் சத்தம்.
"அதோ" என்றாள்.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
மணி அடித்தது, கேட் இறங்கியது.
நூறு பெட்டிக்கு மேல் இருக்கும்.
எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டேன், அவள் விடவில்லை.

நாங்கள் ஓட்டியது சோதனை வண்டி, விற்பனைக்கல்ல.
மேலாளர் ராய்ஸ் கணினியைத் தட்டிப் பார்த்தார்:
நான்கு சிலிண்டர், கை கியர்,
இருப்பில் ஒன்றே ஒன்று, கடைசி வரிசையில்.
நிறத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை,
கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

பார்த்தாள். பேசவில்லை.
நான் சட்டைப்பைப் பேனாவைத் தொடவுமில்லை.
மெல்லச் சுற்றி வந்தாள்.
முன் டயரை ஷூ நுனியால் தட்டினாள்,
விளக்குக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தாள்,
பின் பம்பரிடம் வந்ததும்
முழங்காலில் ஒரு கை ஊன்றிக் குனிந்து
வண்டிக்கு அடியில் பார்த்தாள்,
கழன்று விழுந்த கையுறையைத் தேடி
ஏதாவது பிள்ளை
உள்ளே போயிருக்கிறதா என்று.