பன்னிரண்டு ஓம்

கோபுரம் ஆண்டெனாவைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள்.
கோபுரமேதான் ஆண்டெனா.
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் இரும்பு
ஒற்றைப் பீங்கான் குமிழ்மேல்
நிலம் தொடாமல் நிற்கிறது.
மண்ணில் கால்வைத்து நீ அதைத் தொட்டால்
காலைச் செய்தி உன் வழியாக இறங்கும்.

மீதி ஆண்டெனா மண்ணுக்குள்.

பழைய இடம் சதுப்பு.
பத்தகோனியாவின் காற்று மேலே அடிக்க
கீழே உப்பும் ஈரமும் ஊறிய கறுப்பு மண்.
ஐந்து கிலோவாட் கொடுத்தால்
கைக்கூலி ஏதும் எடுக்காமல்
மலையடிவாரம் வரை கொண்டுசேர்க்கும்.

பிறகு வீடுகள் வந்தன.
ஒரு வீட்டின் அழைப்புமணி
கம்பளி விலை வாசித்தது.
யாரோ ஒருத்தியின் தேநீர்க் கெண்டி
இறப்புச் செய்தி சொன்னதாக
நகராட்சிக்கு மனு.
பதினெட்டு மாதம் தவணை.

கிழக்கை விமான நிலையம் வைத்துக்கொண்டது,
தெற்கை எண்ணெய்க் குழாய்.
எங்களுக்கு மிஞ்சியது மேட்டுநிலம்.
சரளை, முட்புதர், மறுபடி சரளை.

நெலிதா கில்லோத்ரான் டிராக்டரில் கொழுவைப் பூட்டி
செம்புக் கம்பி புதைத்தாள்.
மூன்று பாகைக்கு ஒன்று, சுற்றிலும் நூற்றிருபது,
மொத்தம் பதின்மூன்று கிலோமீட்டர்.
நாற்பதாவதில் கொழு முனை உடைந்தது.
எழுபத்தொன்றில் மறுபடி.
பாறை வந்தால் வளைக்கலாமா என்றாள்.
கூடாது, கம்பி நேராகத்தான் போகவேண்டும் என்றேன்.
பாறையிடம் நீயே சொல் என்றாள்.
வளைத்தோம்.

பழைய கம்பியைத் தோண்டி எடுக்கலாமென்று போனால்
பாதியைக் காணோம்.
எந்த வருடத்துத் திருடனோ.
அத்தனையும் போன பிறகும்
அந்தச் சதுப்பு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல்
தன் ஈரத்தாலேயே ஈடுகட்டியிருக்கிறது.

டிரான்ஸ்மிட்டரை லாரியில் ஏற்றிய இரண்டு இரவும்
அலைவரிசையில் வெறும் இரைச்சல்.
தொலைபேசி எட்டாத பண்ணைகளுக்குச் சேதி வாசிக்கும் ஒதிலியா
நாற்பத்திரண்டு துண்டுச் சீட்டுகளைக்
கல் வைத்து அடுக்கியிருந்தாள்.
மேலே இருந்தது:
'வெள்ளைக்குன்று எவாரிஸ்தோவுக்கு.
தங்கைக்குப் பெண்குழந்தை. இருவரும் நலம்.
வியாழன் வண்டி வராது.'

மூன்றாம் நாள், மின்சாரம் கொடுக்குமுன்
கோபுரத்தடியில் தடையை அளந்தேன்.
அங்கே முப்பத்தெட்டு.
இங்கே ஐம்பது.
கூடுதலாய்ப் பன்னிரண்டு ஓம்.
மந்திரம் இல்லை, மண்ணின் பசி.
ஒரு கிலோவாட்டுக்கும் மேலே
சரளைக்குக் குளிர்காய்வதற்கு.
சுருளில் இணைப்பை ஒரு சுற்று தள்ளி வைத்தேன்.
கோபுரமும் பெட்டியும் சமாதானமாயின;
நிலம் ஆகவில்லை.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
செவிடன் காலடியில் நின்றுகொண்டு
ஊதிப் பார்த்ததுண்டா யாராவது?

அளவுமானியோடு மேற்கே ஓட்டினேன்.
பத்தாம் புள்ளி பரவாயில்லை.
பன்னிரண்டாம் புள்ளியில் மானியைத் தட்டிப் பார்த்தேன்.
பதினான்காம் புள்ளி எவாரிஸ்தோவின் வாசல்,
நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்.
முள் எழவே இல்லை.
காற்றுக்கு முதுகு காட்டி நின்று
இன்னும் மூன்று முறை அளந்தேன்.

குரூமில் எவாரிஸ்தோ வெளியே வந்தான்,
கையில் உரித்த பாதி உருளைக்கிழங்கு.
தங்கச்சிக்குப் பெண்ணாமே என்றான்.
யார் சொன்னது?
ரேடியோதான்.

உள்ளே போனேன்.
சமையல் மேடையில் அது கத்திக்கொண்டிருந்தது,
ஒதிலியாவின் இருமல் உட்பட.
பின்னாலிருந்து ஒரு கம்பி
ஜன்னல் வழியாக வெளியேறி
ஆட்டுவேலியில் முடிச்சிட்டிருந்தது.
வேலியோ கண்ணுக்கெட்டாத தூரம்,
கம்பத்துக்குக் கம்பம்
ஊர்ப்பக்கமாகவே போகிறது.
எத்தனை கிலோமீட்டர் என்றேன்.
நடந்து பார்த்ததில்லை என்றான்.

வண்டியில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன்.
புள்ளி பதினான்கு: போதாது.
குறிப்புகள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அதை அப்படியே விட்டு இறங்கி
அவனிடம் கேட்டேன்: ஏழு கம்பியில் எது?

மேலிருந்து இரண்டாவது.
முள்கம்பி ஆகாது.
இதிலும் ஆடு உரசினால் கரகரக்கும்,
அவ்வளவுதான்.